அடுத்த வருஷத்து முதல் முறை

"டீகை வித்துரணும். இன்னைக்கே விக்கணும். நாளைக்குன்னு தள்ளினா பாதி விலைக்குத்தான் போவான்."

யூஜின் இப்படிச் சொன்னதும் நார்ப்பின் கார் கொட்டகையில் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அவன் மனைவி லொரெட்டா மட்டும் திறக்கவில்லை. மூலையில் இருந்த வேலை மேசையில் ரை ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி ஒரு கணம் நின்றது, அவ்வளவுதான்.

மார்க்வான் டீக், டொலீடோ ஸ்டோக்கர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியில் ரிசீவர், பந்தைப் பிடிக்கிறவன். எத்தனை பேர் மேலே வந்து விழுந்தாலும், எறிந்த பந்து கடைசியில் அவன் கையில்தான் இருக்கும். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவன் எண் போட்ட சட்டையைத்தான் தோய்க்கக் கூடக் கொடுக்காமல் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அவனைத் தங்களுக்குத் தரும்படி மேற்கே ஓர் அணி கேட்கிறதாம். பதிலுக்கு, வசந்த காலத்தில் கல்லூரிப் பையன்களை ஒவ்வொரு அணியாகப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்டில், இரண்டு வருஷத்துக்கு முதல் சுற்றில் ஆள் பொறுக்கும் தன் முறையை விட்டுக்கொடுக்கிறதாம். காலையிலிருந்து ரேடியோவில் இதே பேச்சுத்தான். அலமாரி மேலிருந்த நார்ப்பின் பழைய ரேடியோவில் யாரோ ஒருவன் தொண்டை கட்டிப்போகும் அளவுக்கு இதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான்.

"மச்சான், உனக்கு வெயில் தலைக்கேறிடுச்சா?" என்றான் காஸ். லொரெட்டாவின் தம்பி. "நம்மகிட்ட ஆளுன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான். அவனையும் தூக்கிக் குடுத்துட்டு, ஞாயித்துக்கிழமை அங்க போய் எதைப் பாக்கறது? புல்லையா?"

"அது புல்லு கூட இல்லை, பிளாஸ்டிக்," என்றாள் இவெட். டவுன் பஸ் ஓட்டுகிறவள். வேலை முடிந்து சீருடைச் சட்டையோடு வந்திருந்தாள்.

"முறையை வாங்கி மட்டும் நம்மாளுங்க என்னத்தக் கிழிக்கப் போறாங்க?" இது நார்ப். எழுபதைத் தாண்டியவர், வீட்டுக்காரர், சட்டம் பேசுகிறவர். "போனதுக்கு முந்தின டிராஃப்டுல முதல் சுற்றுல எடுத்தாங்களே ஒரு பையன், அவன் இப்ப என் மருமகனுக்கு இன்சூரன்ஸ் விக்கறான்."

"நல்லா விக்கறானா?" என்றாள் இவெட்.

"பந்து பிடிச்சதைவிட நல்லா விக்கறானாம்."

யூஜின் சிரிக்கவில்லை. மடக்கு நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்கை இரண்டையும் தொடைமேல் ஊன்றிக்கொண்டான். "நான் ஒண்ணு கேக்கறேன். இந்த வருஷம் நாம ஜெயிக்கப் போறோமா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க." ஒரு நிறுத்தம். "இல்லை. காப்பாத்த ஆளில்லாம, பந்து எறியற க்வார்ட்டர்பேக் மேட்சுக்கு மேட்சு மல்லாக்க விழறான். ஜெயிக்காத வருஷத்துல நல்ல ரிசீவர் எதுக்கு? செத்த வீட்டுல சீர்வரிசை மாதிரி." இன்னொரு நிறுத்தம். "ஒரு வருஷத்தைத் தூக்கிக் குடு. வலிக்கும். குடு. குடுத்துட்டுப் பின்னால மூணு வருஷத்தை வாங்கிக்கோ. இது கூடவா ஒருத்தனுக்குப் புரியாது?"

அந்த நிறுத்தங்கள் மற்றவர்களுக்கு மேடைப் பேச்சாளர் விடுகிற நிறுத்தங்களாகத் தெரிந்தன. யூஜின் எப்போதுமே அலங்காரமாகப் பேசுகிறவன்தான். அவை மூச்சு வாங்கத்தான் என்பது லொரெட்டாவுக்கு மட்டும் தெரியும்.

"எப்பப் பாரு அடுத்த வருஷம், அடுத்த வருஷம்," என்று காஸ் அலுத்துக்கொண்டான். "எங்கப்பா அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. அடுத்த வருஷம் பாருடா, அடுத்த வருஷம் பாருடான்னு. கடைசியில பார்த்தது என்ன? ஆஸ்பத்திரிக் கூரையை."

"உங்கப்பா சொன்னாரு, செய்யல. அந்த அணியும் செய்யல. அதான் நான் செய்யச் சொல்றேன்."

லொரெட்டா குதிரைமுள்ளங்கித் துவையல் இருந்த சீசாவைத் திறந்தாள். காரம் கண்ணில் ஏறியது. நல்லதாயிற்று, கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. எவ்வளவு நன்றாகப் பேசுகிறான், என்று நினைத்தாள். ஊரான் வீட்டு விஷயம் என்றால் எவ்வளவு தெளிவு.

ஜூலை மாதத்தில் அவர்கள் இருவரும் இதய டாக்டரிடம் போயிருந்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா. யூஜினின் இதயத்தில் ஒரு வால்வு சுண்ணாம்பு பிடித்து, சரியாகத் திறக்க மாட்டேன் என்கிறது என்று படம் போட்டுக் காட்டினாள்.

"நெஞ்செலும்பைத் திறந்து மாத்தணும். செப்டம்பர் மூணாவது வாரம் இடம் இருக்கு," என்றாள்.

முப்பது வருஷம் கண்ணாடி உலையில் வேலை பார்த்தவன் யூஜின். நெருப்பின் முன்னால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றவன். அவன் தலையிலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்து, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

"சீசன் முடிஞ்சு வெச்சுக்கலாமா, டாக்டர்? பிப்ரவரியில?"

"நீங்க வெச்சுக்கலாம். அதுவரைக்கும் உங்க வால்வு வெச்சுக்குமான்னு எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது காரை லொரெட்டா ஓட்டினாள்.

"டிக்கெட் பிரிக்கறதுல இந்த வருஷம் முதல் முறை நம்ம வீட்டுது," என்றான் யூஜின், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "நாலு வருஷத்துக்கு ஒருதடவை வர்றது."

"ரெண்டு மேட்சு, யூஜின். ரெண்டே ரெண்டு மேட்சுக்காகவா?"

"உனக்கு ரெண்டு மேட்சு."

"உனக்கு?"

பாலம் தாண்டிய பிறகு அவன் வேறொன்று சொன்னான். "கொட்டகைக் கூட்டத்துகிட்ட ஒரு வார்த்தை மூச்சு விடாதே. சொன்னா எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு, நல்ல மேட்சையெல்லாம் எனக்கு விட்டுக் குடுப்பாங்க. பொணத்துக்குப் பூ வைக்கற மாதிரி. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. பக்கத்தில் படுத்திருப்பவனின் மூச்சு ஏறி இறங்கி, நடுவில் எங்கேயோ தங்கும்போதெல்லாம் அவளுடையதும் சேர்ந்து தங்கும். பகலில் டயர்க் கடை வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் எல்லாம் சிரித்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவன் சொல்வது ஒன்றுதான்: சீசன் முடியட்டும். ஆட்டம் ஒரு சாக்கு என்று அவளுக்குத் தெரியும். அவனுக்குப் பயம். பயத்தைப் பயம் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. ஆட்டம் என்று சொல்ல வரும்.

அந்தச் சாக்கு எப்படிப்பட்டது என்றால், இவர்கள் நான்கு வீட்டுக்கும் சேர்த்து மைதானத்தில் இரண்டே இரண்டு இருக்கை. மேல்தளத்தில், காற்றடிக்கிற பக்கம். உள்ளூரில் நடக்கும் எட்டு ஆட்டத்தை ஆகஸ்டு மாதம் ஒரு சனிக்கிழமை இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொள்வார்கள். அதற்கும் டிராஃப்ட் என்றே பெயர். முதல் முறை யாருக்கு என்பது வருஷா வருஷம் ஒரு வீடு தள்ளிப் போகும். முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரைக்கும் ஒரு சுற்று, கடைசியிலிருந்து திரும்பி முதல் வீட்டுக்கு இன்னொரு சுற்று. வீட்டுக்கு இரண்டு ஆட்டம். வேண்டுமானால் முறையை மாற்றிக்கொள்ளலாம். இந்த வருஷத்து முறையைக் கொடுத்து அடுத்த வருஷத்ததை வாங்கலாம். மேசைக்கு நடுவில் உரிந்துபோன ஹெல்மெட் ஒன்று இருக்கும். பேரம் பேசிய இரண்டு பேரும் அதன்மேல் வலது கையை வைத்துவிட்டால் முடிந்தது. ஒரு டிசம்பர் ஆட்டத்தை வாங்கிக்கொண்டு, பனி கொட்டப் போகிறது என்று தெரிந்ததும் காஸ் திருப்பிக் கொடுக்கப் பார்த்தான். அதிலிருந்து நார்ப் போட்ட சட்டம் அது. கை வைத்தால் வைத்ததுதான்.

யூஜின் கணக்குப் போட்டு வைத்திருந்தான். முதல் முறையில் நவம்பர் மாத அக்ரான் ஆட்டம். அக்ரானோடு மோதுவதுதான் ஊருக்கே திருவிழா. கடைசி முறையில் டிசம்பர் ஆட்டம் மிஞ்சும். குளிருக்குப் பயந்து யாரும் அதைத் தொடமாட்டார்கள். நவம்பரில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. "அப்புறம் செப்டம்பர்ல எப்படி லொரெட்டா போய்ப் படுக்கறது?" என்று காலையில் சவரம் பண்ணும்போதே கேட்டான், ஏதோ வானிலையைக் கேட்பது போல.

"பசிக்குது," என்றான் காஸ். "அக்கா, தொத்திறைச்சி ஆறிடும்."

"நீயும் எந்திரிச்சு ஒரு தட்டை எடுத்தா கை தேய்ஞ்சிடாது."

"விருந்தாளி நான்."

"விருந்தாளி வாசல் வழியா வருவான். நீ நார்ப்போட குளிர்ப்பெட்டி வழியா வந்தே," என்றாள் இவெட். நார்ப் மட்டும் பலமாகச் சிரித்தார், பீர் அவருடையது.

யூஜின் எழுந்தான். "நான் உள்ள போயிட்டு வந்துடறேன். ஆரம்பிச்சுடாதீங்க."

"முறை யாருக்காகவும் நிக்காது," என்றார் நார்ப், வழக்கம்போல.

"உங்க வீட்டுக் கக்கூஸ் நிக்கும்ல?"

டாக்டரம்மா கொடுத்த, நீர் பிரிய வைக்கும் மாத்திரை அடிக்கடி அவனை எழுப்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் போகிற கதவுக்கு முன்னால் இரண்டு படி. முதல் படியில் ஏறி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யூஜின் நின்றதை லொரெட்டா பார்த்தாள். ஏதோ யோசிக்கிறவனைப் போல நின்றான். பிறகு இரண்டாவது படி. கதவு சாத்திக்கொண்டது.

இரண்டு படி. மேல்தளத்துக்கு எத்தனை படி என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும் அது.

நார்ப் சுண்ணக்கட்டியை எடுத்துச் சுவர்ப் பலகைப் பக்கம் திரும்பினார். "யூஜின் வீடு, முதல் முறை. அக்ரான்தானே? போட்டுடவா?"

"போடாதீங்க, நார்ப்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் லொரெட்டா அந்த மேசையில் வாய் திறந்தது ரொட்டி வேண்டுமா என்று கேட்கத்தான்.

"இவெட், அடுத்த வருஷம் முதல் முறை உன் வீட்டுதுதானே?"

"ஆமா."

"இந்த வருஷத்து எங்க முறை ரெண்டும் உனக்கு. அடுத்த வருஷத்து உன் முறை ரெண்டும் எங்களுக்கு."

ரேடியோக்காரன் மட்டும் பேசிக்கொண்டிருந்தான். காஸ் மெதுவாகச் சொன்னான், "அக்கா, முதல்ல அந்தக் கத்தியைக் கீழ வை. பயமா இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். கத்தி கையிலேயே இருந்தது. வைத்தாள்.

"யூஜின் வரட்டுமே," என்றார் நார்ப்.

"முறை யாருக்காகவும் நிக்காதுன்னு இப்பச் சொன்னது யாரு?"

"நான்தான்."

"வீட்டாள் யார் இருந்தாலும் முறையைச் சொல்லலாம்னு சட்டம் போட்டது?"

நார்ப் சுண்ணக்கட்டியைப் பார்த்தார். "அதுவும் நான்தான்."

"இந்த வருஷம் மேட்சே இல்லாமலா இருப்பீங்க?" இவெட் நாற்காலியைத் திருப்பிப் போட்டு லொரெட்டாவை நேராகப் பார்த்தாள். பஸ்ஸில் ஏறுகிறவன் குடித்திருக்கிறானா, அழுதிருக்கிறானா என்று கண்ணாடியிலேயே பார்த்துப் பழகிய கண். "முதல் முறைக்கு நாலு வருஷம் காத்திருந்துட்டு? எதுக்கு, லொரெட்டா?"

"எதுக்குன்னு கேக்கற வழக்கம் இந்த மேசைக்கு எப்ப வந்துச்சு?"

"இப்ப வந்துச்சு."

"அப்ப போகச் சொல்லு. வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா காஸைக் கேக்கறேன்."

"நான் வாங்கிக்கறேன்," என்றான் காஸ், வேகமாக. "அக்ரானா! நான் வாங்கிக்கறேன்க்கா."

"நீ சும்மா இரு," என்றாள் இவெட். அவள் இன்னும் லொரெட்டாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி ஹெல்மெட் மேல் வைத்தாள். மெதுவாக வைத்தாள், சூடு பார்க்கிற மாதிரி. லொரெட்டா துவையல் மணக்கும் தன் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வைத்தாள். இவெட்டின் சுண்டுவிரல் நகர்ந்து வந்து அவள் விரலைத் தொட்டது, அவ்வளவுதான்.

கதவு திறந்தது.

"நார்ப், உங்க வீட்டுத் துண்டு எதுலயும் ஈரத்தைக் காணோமே, இங்க யாருமே கை கழுவறதில்லையா?" யூஜின் படியில் இறங்கினான். ஒவ்வொன்றாக இறங்கினான். பலகையைப் பார்த்தான். பலகை காலியாக இருந்தது. ஹெல்மெட்டையும் அதன்மேலிருந்த இரண்டு கையையும் பார்த்தான். "என்ன நடக்குது?"

கடைசியில் நார்ப்தான் சொன்னார். "உங்க வீட்டம்மா வியாபாரம் பண்ணிட்டா. இந்த வருஷத்து உங்க ரெண்டும் இவெட்டுக்கு. அடுத்த வருஷத்து அவ ரெண்டும் உங்களுக்கு."

யூஜினின் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது.

"சொல்லிட்டியா?"

"ஒரு வார்த்தை சொல்லல," என்றாள் லொரெட்டா. "சத்தியம் பண்ணினது பண்ணினதுதான்."

"என்ன சொல்லல?" என்றான் காஸ். "மச்சான்? அக்கா? என்னத்தை?"

யூஜின் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். கோபத்தோடு உட்கார நினைத்தவனால் களைப்போடுதான் உட்கார முடிந்தது. "நெஞ்சுல ஒரு வால்வு கெட்டுப்போச்சு," என்றான், தன் கால் செருப்பிடம் சொல்வது போல. "திறந்து மாத்தணுமாம். செப்டம்பர்ல. நான் பிப்ரவரிக்குத் தள்ளச் சொன்னேன்."

"தள்ளலாமா?" என்றார் நார்ப்.

"தள்ளலாம்னு நான் சொன்னேன்."

"டாக்டர்?"

ரேடியோவில் ஒருவன் டீகை விற்றால் தன் டிக்கெட்டை ஏரியில் வீசிவிடுவதாகச் சபதம் செய்துகொண்டிருந்தான். காஸ் எழுந்து போய் அதை அணைத்தான்.

நார்ப் தொண்டையைச் செருமினார். "யூஜின்... இந்த ஒருதடவை கையை எடுத்துக்கலாம். நானே சொல்றேன். சட்டம் கிடக்கட்டும்."

"அக்ரான் உன்னுது, யூஜின்," என்றாள் இவெட். "எடுத்துக்கோ. நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்."

"வேணும்னா என்னோட முறையும் எடுத்துக்கோ, மச்சான்," என்றான் காஸ். "ஓப்பனிங் மேட்ச். எடுத்துக்கோ."

அவ்வளவுதான், என்று லொரெட்டா நினைத்தாள். இனிமேல் அவன் ஒரு 'சரி' சொன்னால் போதும். கொடுக்கிறவர்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நவம்பர், டிசம்பர், இப்போது செப்டம்பர் முதல் வாரம் கூட. அப்புறம் பிப்ரவரி. அப்புறம் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும். அவளிடம் விற்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை. சண்டை போடவும் தெம்பில்லை. வேலை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

யூஜின் தலையைத் தூக்கி மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். மூன்று முகமும் தொங்கித்தான் போயிருந்தன. நார்ப் சுண்ணக்கட்டியைச் சாவு வீட்டில் மெழுகுவத்தி பிடிப்பது போலப் பிடித்திருந்தார். பார்க்கப் பார்க்க யூஜினின் தாடை இறுகியது. லொரெட்டாவின் பக்கம் திரும்பினான்.

"ரெண்டுக்கு ரெண்டா?"

"என்னது?"

"ரெண்டைக் குடுத்துட்டு ரெண்டை வாங்கினியா?"

"ஆமா."

"ஐயோ, ஐயோ." நெற்றியில் கை வைத்துக்கொண்டான். "கையில இருக்கற ரெண்டைக் குடுத்துட்டு இன்னும் முளைக்காத ரெண்டை வாங்கிட்டு வந்து நிக்கறா பாரு. அதுவும் முதல் முறையைக் குடுத்துட்டு! ஒரு வருஷம் காத்திருக்கறவனுக்குக் கூலி கிடையாதா? ஒரு வருஷம் தள்ளி வர்ற முறைன்னா மதிப்புல ஒரு சுற்று மட்டம். இது காஸுக்குக் கூடத் தெரியும்."

"எனக்கு நல்லாவே தெரியும்," என்றான் காஸ், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"இவெட். இது பத்தாது. அதுக்கு அடுத்த வருஷத்து முறையும் ஒண்ணு வேணும். மேல போடு."

இவெட் ஹெல்மெட்டிலிருந்து கையை எடுத்திருக்கவில்லை. "கை வெச்சாச்சு, தம்பி."

"கையை எடுத்துக்கோன்னு இப்பத்தானே தாராளமா சொன்னே? நான் எடுத்துக்கல. அதுக்கு ஒரு விலை உண்டுல்ல?"

"சொன்னது இரக்கப்பட்டு. பேரத்துக்கு வந்தா இரக்கம் கிடையாது."

"எனக்கும் உன் இரக்கம் வேண்டாம். முறையைக் குடு."

தொங்கியிருந்த இவெட்டின் முகம் மெல்ல நிமிர்ந்தது. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "ரெண்டாவது சுற்று தரேன்."

"முதல் சுற்று."

"வால்வுதான் கெட்டுப்போச்சு, வாய் நல்லா வேலை செய்யுது போல."

"அதை அவங்க திறந்து பாக்கல. முதல் சுற்று, இவெட்."

"தரலைன்னா என்ன பண்ணுவே?"

"ஆபரேஷன்ல செத்துப்போய் உன் பஸ்ஸுல வந்து முன் சீட்டுல உக்காருவேன். தினமும். டிக்கெட் எடுக்காம."

அந்த வார்த்தை விழுந்ததும் நார்ப் கண்ணை மூடிக்கொண்டார். ஜூலையிலிருந்து யூஜின் வீட்டில் யாருமே உச்சரிக்காத வார்த்தை அது. முதலில் சிரித்தது இவெட்தான். தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். "ஏற்கெனவே அந்த சீட்டுக்கு அப்படி ரெண்டு பேர் இருக்காங்க. மூணாவது ஆளுக்கு இடமில்லை. சரி, போ. முதல் சுற்று. ஆனா ஒண்ணு, ஒழுங்கா வந்து நீயேதான் கேட்டு எடுக்கணும். லொரெட்டாவை அனுப்பினா செல்லாது. அவகிட்ட பேரம் பேச எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா?"

யூஜின் எழுந்து வந்து ஹெல்மெட்டின் மேல் கையை வைத்தான். பெரிய கை, உலைத் தழும்பு படர்ந்த கை. லொரெட்டா தன்னுடையதை எடுக்கப் போனாள். அவன் விடவில்லை, அதன்மேலேயே வைத்து அழுத்தினான். அழுத்திய கை சில்லென்றிருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை என்பது தெரிந்தது. இன்று போகாது, நாளைக்கும் போகாது.

"திங்கக்கிழமை அந்த டாக்டருக்கு நீயே போன் பண்ணு," என்றான் தாழ்ந்த குரலில். "எனக்கு அவங்க காத்திருக்கச் சொல்லிப் போடற பியானோவைக் கேட்டுக்கிட்டு லைன்ல நிக்க முடியாது."

"நீயே பண்ணு. உன் நெஞ்சுதானே."

"லொரெட்டா."

"சரி, நான் பண்றேன்."

நார்ப் சட்டைக் கையால் முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். சுண்ணக்கட்டி அவர் விரலில் ஒடிந்து போயிருந்தது. இருந்த துண்டை எடுத்துக்கொண்டார். "ஆகட்டும். முதல் முறை, இப்ப இவெட் வீடு. சொல்லும்மா."

இவெட் ஒரு கணம் யூஜினைப் பார்த்தாள். அவன் பார்வையை விலக்கவில்லை.

"அக்ரான்," என்றாள்.

நார்ப் எழுதினார். அந்தச் சத்தத்தை யூஜின் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். பிறகு காஸிடம் தட்டை நீட்டி, தொத்திறைச்சி வை என்று சைகை காட்டினான். லொரெட்டா சுவரில் சாய்த்து வைத்திருந்த நாற்காலி ஒன்றை இழுத்து விரித்துப் போட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள்.